மும்பை ஜன்னல் கிரில்லில் கீரை வளர்ப்பது எப்படி

செம்பூரிலோ தாராவியிலோ டோம்பிவிலியிலோ ஒரு ரூம்-கிச்சன் வீட்டில் இருந்துகொண்டு சாப்பாட்டுக்கு ஏதாவது விளைவிக்க முடியுமா என்று கேட்டால், காய் கஷ்டம், கீரை தாராளமாக முடியும் என்பேன். தக்காளியும் கத்திரியும் நாள் முழுக்க வெயில் கேட்கும், ஆழமான தொட்டி கேட்கும். கீரைக்கு மூன்று நான்கு மணி நேர வெயிலும் ஒரு சாண் ஆழமும் போதும். அதோடு, நாசிக் வெங்காயம் வாஷி மார்க்கெட் வழியாக எத்தனை நாள் சுற்றி வந்தாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் கீரை மறுநாளே துவண்டுவிடும். வசாய் பக்கத்திலிருந்து விடிகாலையில் தாதர் வரும் கீரை நல்ல கீரைதான். ஆனால் ரயில் பாதை ஓரத்தில் விளையும் கீரைக்குச் சாக்கடைத் தண்ணீர் பாய்ச்சுவதாக எத்தனையோ முறை செய்தி வந்திருக்கிறது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் கட்டைப் பார்த்து எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. குழந்தைகளுக்குக் கொடுக்கிற கீரையாவது நம் கண் முன்னால் விளையட்டும்.

முதலில் ஜன்னல் எந்தத் திசை என்று பாருங்கள். தெற்கு என்றால் அதிர்ஷ்டம்: அக்டோபர் முதல் மார்ச் வரை சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், ஜன்னலுக்கு வெளியே பெட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கிரில்லுக்குள் நன்றாக வெயில் விழும். மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை மும்பையில் உச்சி சூரியன் கொஞ்சம் வடக்கே நிற்கும், அப்போது தெற்கு ஜன்னலில் வெயில் குறைந்தால் செடிக்கு நோய் என்று பயப்பட வேண்டாம். கிழக்கு ஜன்னலும் நல்லது. எதிர்க் கட்டடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து வெயிலே வராத வீடு என்றால் வெந்தயத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் வரும்.

அடுத்தது எடை, இதில் விளையாடவே கூடாது. பத்து லிட்டர் தொட்டியில் தோட்ட மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 15 கிலோவைத் தாண்டும். அப்படி ஐந்து தொட்டியை ஒரு பாக்ஸ் கிரில்லில் வைத்து, அந்தக் கிரில்லின் போல்ட் கடல் காற்றில் துருப்பிடித்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள், கீழே மனிதர்கள் நடக்கிறார்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் போல்ட்டைச் சுற்றிக் கொத்திப் பாருங்கள், துரு செதில் செதிலாக உதிர்ந்தால் முதலில் வெல்டரைக் கூப்பிடுங்கள். கிரில்லுக்கு வெளியே, சஜ்ஜா மேல் (ஜன்னலை ஒட்டி நீட்டியிருக்கும் சிமெண்ட் பலகை) எதையும் வைக்காதீர்கள்.

எடையைக் குறைக்க மும்பையில் கைவசம் ஒரு நல்ல பொருள் இருக்கிறது: கரும்புச் சக்கை. எந்த ஜூஸ் கடையில் கேட்டாலும் கிடைக்கும். பாந்த்ராவில் டாக்டர் ஆர். டி. தோஷி மொட்டை மாடியில் இதை வைத்தே காய்கறி, பழமெல்லாம் வளர்த்துக் காட்டினார், மும்பை போர்ட் டிரஸ்ட் சமையற்கூடத்தின் மாடியில் பிரீத்தி பாட்டீல் தொடங்கிய தோட்டமும் சக்கையையும் சமையல் கழிவையும் நம்பி வளர்ந்ததுதான். சக்கையை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு தரம் அலசி, இரண்டு நாள் காயப்போடுங்கள், இனிப்போடு போட்டால் எறும்பு வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அடியில் ஓட்டை போட்ட டப்பில் ஓர் அடுக்கு சக்கை, அதே அளவு காய்கறித் தோல், மேலே ஒரு பிடி மண் என்று மாற்றி மாற்றி நிரப்பி, ஈரம் காயாமல் ஒரு மாதம் விட்டால் பாதியாக அமுங்கும். காய்கறித் தோலைக் குறைத்துவிடாதீர்கள். சக்கை மட்கும்போது நுண்ணுயிர்கள் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், தோல் குறைந்தால் செடி வெளிறிப்போகும். அமுங்கிய பிறகு மேலே மூன்று விரல் உயரத்துக்குத் தொழுஉரமும் தேங்காய் நார்த் துகளும் கலந்து பரப்பினால் விதைக்கத் தயார்.

வெந்தயத்தில் ஆரம்பியுங்கள். அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற வெந்தயத்தையே இரவு ஊறவைத்து நெருக்கமாகத் தூவினால் பத்துப் பன்னிரண்டு நாளில் பறிக்கலாம். மும்பைக் கடலோர மணலில் இப்படித்தான் வளர்த்து, வெள்ளைத் தண்டோடு சின்னச் சின்னக் கட்டாக சமுத்ர மேத்தி என்று விற்கிறார்கள். அப்புறம் சிவப்புத் தண்டுக்கீரை, லால் மாட் என்று கேட்டால் எந்த விதைக் கடையிலும் தருவார்கள். புளிச்சக்கீரை வேண்டுமென்றால் அம்பாடி என்றும், கொடிப்பசலை வேண்டுமென்றால் மாயாளு என்றும் கேளுங்கள். பசலைக்கு விதைகூட வேண்டாம், மார்க்கெட்டில் வாங்கிய தண்டையே ஒரு சாண் வெட்டி நட்டால் வேர் பிடித்து கிரில் முழுக்க ஏறிவிடும். வேரோடு பிடுங்காமல் நுனி நுனியாகக் கிள்ளுங்கள், பக்கக் கிளை விட்டுக்கொண்டே இருக்கும்.

புறா வலை போடாத ஜன்னலில் எதையும் விதைக்காதீர்கள், முளை ஒன்றுகூட மிஞ்சாது.

மழைக்காலத்தில் சாகும் செடிகளில் பெரும்பாலானவை தண்ணீர் தேங்கித்தான் சாகின்றன. ஜூலையில் மட்டும் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர் இது. அந்த மாதங்களில் சின்ன விதைக் கீரைகளை விட்டுவிட்டுப் பசலையும் புளிச்சக்கீரையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், டப்பின் ஓட்டைகளை ஒரு குச்சியால் குத்தி அடைப்பு எடுங்கள். மற்ற நாட்களில் தொட்டிக்கு அடியில் தட்டு கட்டாயம், இல்லையென்றால் கீழ்வீட்டு அம்மா காயப்போட்ட வேட்டி மேல் கறுப்புத் தண்ணீர் சொட்டும், அடுத்த சொசைட்டி மீட்டிங்கில் உங்கள் பெயர்தான் முதலில். ஆனால் தட்டில் தண்ணீரை விட்டுவைக்காதீர்கள். டெங்கு கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தயாராகிவிடும், பி.எம்.சி. (மும்பை மாநகராட்சி) ஆட்கள் வந்து பார்த்தால் நோட்டீஸும் வரும். வாரத்துக்கு இரண்டு முறை தட்டைக் கவிழ்த்துத் துடைத்தால் போதும்.

மே மாதம் ஊருக்குப் போகிறவர்கள் ஏப்ரல் நடுவிலேயே புது விதைப்பை நிறுத்திவிடுங்கள். கிளம்பும் முன் எல்லாவற்றையும் கிள்ளிச் சமைத்துவிட்டு, டப்பை நனைத்து, மேலே காய்ந்த சக்கையை ஒரு கை கனத்துக்கு மூடிவிட்டுப் போங்கள். ஊரில் மணத்தக்காளிப் பழம் பார்த்தால் பிழிந்து, விதையை அலசி, நிழலில் உலர்த்திக் காகிதத்தில் மடித்து எடுத்து வாருங்கள். அக்டோபரில் மழை விட்டதும் போட வசதியாக இருக்கும்.