பிள்ளையைத் தொலைக்காட்சிக்கு அனுப்பும் முன்: வன்னிப் பெற்றோருக்கு ஒரு சங்கீத ஆசிரியை எழுதுவது

2023 டிசம்பரில் ஜீ தமிழ் தொலைக்காட்சியின் சிறுவர் பாட்டுப் போட்டியில் யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷா பட்டம் வென்றதில் இருந்து, என்னிடம் வரும் பெற்றோரின் கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம் பிள்ளை பாடசாலைகளுக்கான தமிழ்த்தினப் போட்டியில் மாகாண மட்டத்துக்குப் போவாளா என்று கேட்பார்கள். இப்போது, "ரீச்சர், இவளைச் சென்னைக்கு அனுப்பலாமா?" என்கிறார்கள். பரந்தனில் இருந்தும் கேட்கிறார்கள், விசுவமடுவில் இருந்தும் கேட்கிறார்கள்.

அனுப்பலாம். பாடவும் நடிக்கவும் வல்ல பிள்ளைக்கு மேடை வேண்டும். எங்கள் ஊரில் அதற்கான வழி குறைவு. ஆனால் ஒன்றை மனதில் இருத்திக்கொண்டு அனுப்புங்கள். அந்தப் பிள்ளை பதினெட்டு வயதில் உங்களிடம் கணக்குக் கேட்கும். காசுக்கு மட்டுமல்ல, படிப்புக்கும் தன் பெயருக்கும் சேர்த்துத்தான் கேட்கும். நான் கீழே எழுதுவதெல்லாம் அந்த நாளுக்கான ஆயத்தம்.

முதலில் அழைப்பு உண்மையா என்று பாருங்கள். தெரிவுக்கு வரக் காசு கட்ட வேண்டும் என்று சொல்பவரோடு பேச்சை வளர்க்க வேண்டாம். உண்மையான அழைப்பு என்றால் நிறுவனத்தின் பெயரில் கடிதமோ மின்னஞ்சலோ கேட்டு வாங்குங்கள். கடவுச்சீட்டு அலுவல்களுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. தந்தை இறந்திருந்தாலோ, காணாமல் ஆக்கப்பட்டிருந்தாலோ என்னென்ன சான்றுகள் தேவை என்று பயணத் திகதி குறிக்கும் முன்பே அங்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் இந்த இடத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். எந்த விசாவில் வர வேண்டும் என்பதையும் நிறுவனத்தாரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் பலாலியில் விமானம் ஏற வேண்டாம்.

ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்து வைக்கும் அவசரம் வேண்டாம். ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். அது ஆங்கிலத்தில் இருந்தால் வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். போட்டி முடிந்த பிறகும் எத்தனை வருடம் பிள்ளை அவர்களைக் கேட்காமல் வேறு மேடையில் பாட முடியாது, பிள்ளையின் படத்தையும் குரலையும் விளம்பரத்துக்குப் பாவிக்கும் உரிமை யாருக்கு, இடையில் விலகினால் நட்டஈடு கேட்பார்களா என்ற இடங்களில் விரலை வைத்து நிறுத்துங்கள்.

சென்னையில் நடக்கும் ஒளிப்பதிவு அந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது. அந்தச் சட்டம் பிள்ளையின் பக்கம் நிற்கிறது என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. இந்தியாவில் 2017இல் வந்த சிறுவர் தொழிலாளர் விதிகளின்படி, 14 வயது நிறையாத பிள்ளையை ஒரு நாளில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்க முடியாது. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓய்வின்றி வைத்திருக்கவும் முடியாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் அழைக்கக் கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவராவது பொறுப்பாக நிற்க வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 வீதம் பிள்ளையின் பெயரில் வங்கியில் நிலையான வைப்பாகப் போக வேண்டும். இவற்றை ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்திருங்கள். இரவு பதினொரு மணிக்கு "இன்னும் ஒரு முறை பாடட்டும்" என்று யாராவது சொன்னால், அந்தத் தாளை எடுத்துக் காட்டி மரியாதையாக "போதும்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

காசைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஜாக்கி கூகன் என்ற அமெரிக்கச் சிறுவன் 1921இல் சாப்ளினோடு நடித்து உலகப் புகழ் பெற்றவர். உழைத்தது பல மில்லியன் டொலர். வளர்ந்து பார்த்தபோது தாயும் மாற்றாந்தந்தையும் பெரும்பகுதியைச் செலவழித்திருந்தார்கள். 1938இல் வழக்குப் போட்டார். கடைசியில் கைக்கு வந்தது 1,26,000 டொலர். அந்த வழக்கால்தான் 1939இல் கலிபோர்னியாவில் அவருடைய பெயரால் அறியப்படும் சட்டம் வந்தது.

சட்டம் வந்தும் ஓட்டை அடைபடவில்லை. கேரி கோல்மன் 1978 முதல் 1986 வரை ஓடிய 'டிஃபரென்ட் ஸ்ட்ரோக்ஸ்' என்ற தொடரால் அமெரிக்கா முழுவதும் அறியப்பட்ட பிள்ளை. பிறவியிலேயே சிறுநீரக நோய். சிறுவயதில் ஒருமுறையும், அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது 1984இல் மறுமுறையும் மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். நோயாலும் மருந்தாலும் உயரம் நான்கடி எட்டங்குலத்தோடு நின்றுவிட்டது. அந்தச் சின்ன உருவத்தைப் பார்த்துத்தான் நாடே சிரித்தது. 1989இல் தன் வளர்ப்புப் பெற்றோர் மீதும் முன்னாள் முகாமையாளர் மீதும் வழக்குத் தொடுத்தார். 1993இல் நீதிமன்றம் அவருக்கு 12 இலட்சத்து 80 ஆயிரம் டொலர் கொடுக்கச் சொன்னது. அதற்குப் பிறகும் வாழ்க்கை நிமிரவில்லை. காவலாளி வேலை பார்த்தார். 1999இல் வங்குரோத்து அறிவித்தார். 2010இல், 42 வயதில் இறந்தார். பிள்ளையின் சம்பாத்தியம் பிள்ளைக்கே சொந்தம், அதில் 15 வீதத்தைத் தனியாக வைத்தே ஆக வேண்டும் என்று கலிபோர்னியா சட்டத்தைத் திருத்தியது 2000ஆம் ஆண்டில். அவருக்கு அது பிந்திவிட்டது.

அந்தப் பெற்றோரைத் தீயவர்கள் என்று சொல்லி நாங்கள் தப்பிக்க முடியாது. வீட்டுக் கடன், அண்ணனின் பயணச் செலவு, கூரை வேலை என்று எங்கள் வீடுகளிலும் தேவை வரிசையில் நிற்கிறது. ஆகவே முதல் காசு வரும் முன்பே பிள்ளையின் பெயரில் சிறுவர் சேமிப்புக் கணக்கைத் திறவுங்கள். பதினெட்டு வயதுவரை எடுக்க முடியாத கணக்கா என்று கேட்டு அறிந்து திறவுங்கள். மேடையில் புலம்பெயர் உறவுகள் அறிவிக்கும் அன்பளிப்பும் அந்தக் கணக்குக்கே போகட்டும். யார், எப்போது, எவ்வளவு தந்தார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிள்ளைக்காகச் செலவழித்ததையும் அதே கொப்பியில் எழுதுங்கள். பதினெட்டு வயதில் அந்தக் கொப்பியைப் பிள்ளையின் கையில் கொடுக்கலாம்.

இனி, எனக்கு மிகவும் வலிக்கிற விடயம். எங்கள் பிள்ளைகளிடம் இந்த நிகழ்ச்சிகள் பாட்டோடு சேர்த்து ஒரு துயரக் கதையையும் கேட்கின்றன. புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஒளிப்பதிவுக்காரர் வந்திருந்தார்கள். சுவரில் மாலையோடு தகப்பனின் படம். பிள்ளை கதிரையில் ஏறி அதை எடுத்துத் துடைத்து மார்போடு அணைக்க வேண்டும் என்றார்கள். அவள் செய்தாள். வெளிச்சம் சரியில்லை, மறுபடியும் என்றார்கள். படத்தைத் திரும்ப மாட்டினார்கள். "மாமா, எந்தக் கையால் எடுக்க வேண்டும்?" என்று அவள் கேட்டாள். தாய் குசினி வாசலில் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. தகப்பனை நினைத்து அழும் பிள்ளைக்கு, எந்தக் கையால் அழுவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததை நாங்கள் மறைக்க வேண்டியதில்லை. அதைச் சொல்லும் நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்யும் உரிமை அந்தப் பிள்ளையுடையது, அவ்வளவுதான்.

ஆகவே முதல் பேச்சிலேயே வரம்பு வையுங்கள். வீட்டில் எதைப் படம் எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது, இறந்தவர்களைப் பற்றி யார் கதைப்பது என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் தாய் மட்டும் கதைத்தால் போதும். "கதை இல்லாவிட்டால் பிள்ளை எடுபடாது" என்று சொன்னால், அவர்கள் தேடுவது பாட்டை அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒருமுறை ஒளிபரப்பானது யூடியூபில் கிடக்கும். அவள் மாவட்டச் செயலகத்தில் எழுதுநர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும் நாளிலும் கிடக்கும். எவராவது பிள்ளையைத் தனியாக அழைத்தாலோ, தொட்டாலோ, மிரட்டினாலோ தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். மானம் போகும் என்று மூடி வைக்க வேண்டாம்.

படிப்பை விட்டுவிட வேண்டாம். இலங்கையில் 16 வயதுவரை கல்வி கட்டாயம். போகும் முன் அதிபரிடம் எழுத்தில் விடுமுறை பெறுங்கள். வகுப்பாசிரியரிடம் தவறும் பாடங்களின் பட்டியலை வாங்குங்கள். புலமைப்பரிசில் வருடத்திலும் சாதாரண தரப் பரீட்சை வருடத்திலும் நீண்ட ஒளிப்பதிவுக்கு அனுப்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் 1988 முதல் 1993 வரை 'தி ஒண்டர் இயர்ஸ்' தொடரில் நடித்த டானிகா மக்கெல்லர், தொடர் முடிந்ததும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து 1998இல் பட்டம் பெற்றார். இரண்டு பேரோடு சேர்ந்து அவர் நிறுவிய ஒரு தேற்றம் அவர்கள் மூவரின் பெயரால் வழங்குகிறது. பிறகு மாணவிகளுக்குக் கணிதம் புரிய வைக்கும் புத்தகங்கள் எழுதினார். நடிப்பையும் விடவில்லை. கணிதம் என்றால் நடுங்கும் எங்கள் பெண் பிள்ளைகளுக்கு நான் இவரைப் பற்றி அடிக்கடி சொல்வேன்.

வென்று வந்தால் ஏ9 வீதியில் மாலையும் ஊர்தியும் இருக்கும். இடைச்சுற்றில் வெளியேறி வரும் பிள்ளையை யாரும் கூட்டி வர மாட்டார்கள். கிளிநொச்சிப் புகையிரத நிலையத்தில் இறங்கும் அந்தப் பிள்ளைக்காகத்தான் நீங்கள் அதிகம் ஆயத்தப்பட வேண்டும். அடுத்த திங்கட்கிழமையே பாடசாலைக்கு அனுப்புங்கள். என்ன நடந்தது என்று விசாரிக்கும் உறவினரை நீங்களே சமாளியுங்கள். கோயில் திருவிழா இசைக்குழுக்கள் அழைத்தால் மாதத்தில் ஒன்றுக்கு மட்டும் சம்மதியுங்கள். பிள்ளையை நள்ளிரவுவரை மேடையில் வைத்திருக்க விட வேண்டாம்.

கடைசியாகக் குரல். ஆண் பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடையத் தொடங்கும். நிலைக்கும்போது ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஏழு சுரங்களின் அளவு) இறங்கியிருக்கும். நேற்றுவரை ஐந்தரைக் கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடியவனுக்குச் சுருதிப்பெட்டியை ஒன்று, ஒன்றரைக் கட்டைக்கு மாற்ற வேண்டிவரும். பெண் பிள்ளைக்கும் குரல் சற்று இறங்கும், ஆனால் அவ்வளவு தெரியாது. புகழ் வந்த பிள்ளைக்கு இந்தக் காலம் மிகக் கடினம், ஏனென்றால் சனம் கேட்க விரும்புவது பழைய குரலை. மேல் ஸ்தாயியில் கத்திப் பாடவைத்தால் தொண்டை கெடும். அந்த மாதங்களில் நடு ஸ்தாயியில் மட்டும், மெதுவாக, குறுகிய நேரம் பாடட்டும். மிருதங்கமோ வயலினோ தொடங்க நல்ல காலம் இது. குரல் நிலைத்ததும் சுருதியைப் புதிதாகப் பார்த்து வைத்து, தொடக்கப் பயிற்சியான ஸரளி வரிசையில் இருந்து ஆரம்பியுங்கள். இடையில் வரும் அழைப்புகளுக்கு, "இந்த வருடம் இல்லை" என்று நீங்களே பதில் சொல்லுங்கள். அதைப் பிள்ளையின் வாயால் சொல்ல வைக்க வேண்டாம்.