ரசிகர்களையும் பார்க்கணும், நாமும் கேம் ஆடணும்: கண்காட்சிக்கு முதல்முறை அழைக்கப்படும் ஸ்ட்ரீமருக்கு

கேம் ஆடுவதை நேரலையில் காட்டும் உங்கள் சேனலில் நாலைந்தாயிரம் பேர் சேர்ந்த பிறகு ஒரு நாள் வாட்சாப்பில் அந்தச் செய்தி வரும். "பாஸ், சனி ஞாயிறு கண்காட்சியில எங்க பூத்துக்கு வர முடியுமா? ரசிகர்களைச் சந்திக்கிற மாதிரி சின்ன ஏற்பாடு." கை தானாகவே ஓகே என்று தட்டப் போகும். கொஞ்சம் பொறுங்கள். அது நீங்களும் வருஷம் முழுக்கக் காத்திருந்த ஈவென்ட். டிசம்பரில் கோலாலம்பூர் கேஎல்சிசி மாநாட்டு மையத்தில் நடக்கும் காமிக் ஃபியெஸ்தா மாதிரி, அனிமேயும் காமிக்கும் கேமும் கலந்த ஒன்றாக இருந்தால் மொத்தமே இரண்டு நாள்தான். அந்த இரண்டு நாளும் ஒரு மேசைக்குப் பின்னால் சிரித்தபடி நின்றுவிட்டு, எதிர் பூத்தில் இருந்த புது கேமின் டெமோவை, அதாவது ஆடிப் பார்க்க வைத்த மாதிரியை, தொட்டுக்கூடப் பார்க்காமல் எல்ஆர்டி ரயில் ஏறிப் போகிற ஸ்ட்ரீமர்களும், கதாபாத்திர வேஷம் போடுகிற காஸ்பிளேயர்களும் நம் ஊரில் நிறையப் பேர்.

ஆளைக் களைக்க வைப்பது ரசிகர் கூட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எப்போது முடியும் என்று யாருமே சொல்லாமல் விட்ட நேரம்தான் உயிரை எடுக்கும். கீழே இருக்கிற படிகள் எல்லாம் அந்த நேரத்துக்கு வேலி போடுகிற வேலை.

படி 1: எத்தனை மணிக்கு, எத்தனை மணி வரைக்கும்

"மதியம் கொஞ்ச நேரம் வந்து நில்லுங்க" என்று சொன்னால் அது நேரம் ஆகாது. தொடங்கும் மணி, முடியும் மணி இரண்டையும் எழுத்தில் கேளுங்கள், வாட்சாப் செய்தியே போதும். அதோடு சேர்த்து இதையும் கேட்டுவிடுங்கள்: நுழைவு பாஸ் உங்களுக்கு மட்டுமா, உதவிக்கு வருபவருக்கும் உண்டா, சாப்பாடு யார் பொறுப்பு, மேடையேறிப் பேச வேண்டுமா, எடுக்கும் படங்களை எத்தனை நாள் விளம்பரத்துக்குப் போடுவார்கள், பணம் எவ்வளவு, எப்போது கைக்கு வரும். இதையெல்லாம் கேட்டால் திமிர் என்று நினைப்பார்களோ என்று பயப்பட வேண்டாம், ஒழுங்கான ஏற்பாட்டாளருக்கு இந்தக் கேள்விகள் நிம்மதியைத்தான் தரும்.

புதிதாக வருகிறவருக்கு நான் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வணக்கம் சொல்லி, பேர் கேட்டு, கையெழுத்துப் போட்டு, ஒரு போட்டோ எடுக்க ஆளுக்கு ஒன்றரை நிமிஷம் என்று வைத்தால் ஒரு மணி நேரத்தில் 40 பேர். இரண்டு தடவைக்கு 80 பேர். ஒரு நாளில் 80 பேரிடம் முகம் வாடாமல் பேசுவது லேசான வேலை கிடையாது.

எந்த மணியைக் கொடுப்பது என்பதில்தான் சாமர்த்தியம். கதவு திறந்த முதல் ஒரு மணி நேரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள், டெமோ வரிசைகள் சின்னதாக இருப்பது அப்போதுதான். மதியத்துக்கு மேல் கூட்டம் முட்டும், எந்தப் பெரிய பூத்திலும் கால் கடுக்க நிற்க வேண்டும், அந்த நேரத்தைப் பூத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கு வேண்டியதும் அதே நேரம்தான், உங்களுக்கும் அதில் பெரிய நஷ்டமில்லை. கடைசி நாளின் கடைசி இரண்டு மணி நேரமும் உங்களுடையதாக இருக்கட்டும். அப்போது கூட்டம் கலைந்து, பூத் ஆட்களே நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்திருப்பார்கள்.

படி 2: உங்கள் ஆசையையும் அதே காலண்டரில் போடுங்கள்

மூன்று விஷயம் எழுதுங்கள். நாலாவது வேண்டாம், பட்டியல் நீண்டால் அதுவும் ஒரு வேலை ஆகிவிடும். ஒன்று ஆட வேண்டிய டெமோ, ஒன்று பார்க்க வேண்டிய போட்டி அல்லது மேடை நிகழ்ச்சி, இன்னொன்று சும்மா சுற்ற ஒரு மணி நேரம், இப்படி. கைபேசிக் காலண்டரில் பூத் நேரத்துக்கு என்ன நிறம் கொடுத்தீர்களோ அதையே இதற்கும் கொடுங்கள். யாராவது "அந்த நேரம் சும்மாதானே இருக்கீங்க?" என்று கேட்டால் "இல்லை, வேறொரு வேலை இருக்கு" என்று சொல்ல வாய் வரும்.

என் மூன்றில் ஒன்று எப்போதும் உள்ளூர் ஸ்டுடியோதான். மெட்ரோனோமிக்கின் 'நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்' 2020இல் வந்தது, பேஷன் ரிபப்ளிக் கேம்ஸின் 'கிகாபேஷ்' 2022இல் வந்தது, இரண்டும் நம் மலேசிய ஸ்டுடியோக்கள் செய்தவை. ஒரு கேமை ஸ்டீம் என்ற இணையக் கடையில் வீட்டிலிருந்தே வாங்கி ஆடிவிடலாம். ஆனால் அதைச் செய்தவர் பக்கத்தில் நின்று நீங்கள் எங்கே தடுமாறுகிறீர்கள் என்று உங்கள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருப்பது கண்காட்சியில் மட்டும்தான் நடக்கும். சின்ன ஸ்டுடியோ பூத்தில் டெமோ முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இந்த இடத்துல நிறையப் பேர் செத்துப் போறாங்களா?" அரை மணி நேரம் பேசுவார்.

படி 3: ரசிகர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

ஒரு வாரம் முன்னால் ஒரு பதிவு, முந்தின நாள் ராத்திரி இன்னொரு பதிவு. இந்த மாதிரி இருந்தால் போதும்: "சனி 1 முதல் 2 வரை, மறுபடி 4 முதல் 5 வரை இன்ன பூத்தில் இருப்பேன். கையெழுத்து, போட்டோ எல்லாம் அங்கேதான். மற்ற நேரத்தில் நானும் உங்களை மாதிரி கேம் ஆடிக்கிட்டு இருப்பேன், பார்த்தா ஹாய் சொல்லுங்க லா." தமிழ்ச் சேனலாக இருந்தாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி சேருங்கள், தமிழ் தெரியாத கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள்.

நேரம் சொல்வதில் உங்களுக்கு மட்டும் லாபமில்லை. ஈப்போவிலிருந்து இடிஎஸ் ரயிலில் வருகிற பையன் திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்திருப்பான். கிள்ளானிலிருந்து மகளைக் கூட்டி வந்த அப்பா கார் பார்க்கிங் ஏறுகிற கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். "எப்ப வருவீங்க அண்ணே?" என்று டிஸ்கார்டு அரட்டைக் குழுவில் நூறு தடவை கேட்க வைக்காதீர்கள்.

படி 4: கூட ஓர் ஆள் வேண்டும்

தம்பியோ தங்கச்சியோ கூட்டாளியோ, யாராவது ஒருவர். வெட்கப்படாமல் "நேரமாச்சு" என்று சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் தகுதி. முடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் அவர் வரிசையின் கடைசி ஆளிடம் 'வரிசை முடிந்தது' என்று எழுதிய அட்டையைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். அந்த அட்டை இல்லாவிட்டால் முன்னால் ஒருவர் போகப் பின்னால் இருவர் சேர்ந்துகொண்டே இருப்பார்கள், வரிசைக்கு வாலே இருக்காது. ரசிகரின் கைபேசியை வாங்கிப் படம் எடுத்துத் திருப்பிக் கொடுப்பதும் அவர் வேலை. "முடிஞ்சது, அடுத்தவங்க வாங்க" என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது.

அவர் பையில் தண்ணீர், பவர் பேங்க், கைகழுவும் ஜெல், தொண்டை மிட்டாய், மார்க்கர் பேனா இரண்டு நிறத்தில். கறுப்பு மவுஸ்பேடை நீட்டுவார்கள், அதில் கறுப்பு மார்க்கர் தெரியாது, வெள்ளி நிறப் பெயிண்ட் மார்க்கர் வேண்டும். வழவழப்பான கைபேசி உறையில் மை காயக் கொஞ்சம் நேரமாகும், "ஒரு நிமிஷம் தொடாதீங்க" என்று சொல்லிக் கொடுங்கள். அப்புறம், கையெழுத்து. வங்கியில் போடும் கையெழுத்தை ரசிகருக்குப் போடாதீர்கள். சேனல் பேரை வைத்து இரண்டு இழுப்பில் முடிகிற மாதிரி ஒன்றை வீட்டிலேயே எழுதிப் பழகிக்கொள்ளுங்கள். அது நாளை யார் கைக்குப் போனாலும், எந்தப் படத்தில் வந்தாலும் கவலையில்லை.

படி 5: அந்த ஒன்றரை நிமிஷம்

இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. வீடியோவில் மணிக்கணக்காக உங்களோடு இருந்தவர் நேரில் வந்ததும் பேச்சு வராமல் நிற்பார். பதினாலு வயசுப் பையன், கையில் மடங்கிப் போன நுழைவுச் சீட்டு, பின்னால் அம்மா கைப்பையை மாரோடு அணைத்துக்கொண்டு. நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். "எந்த வீடியோ பிடிக்கும்?" என்று கேட்டால் பரீட்சை மாதிரி ஆகிவிடும், அவன் முழிப்பான். "நீ என்ன ஆடுற? எந்த ரேங்க்?" என்று கேளுங்கள், கொட்டிவிடுவான். பேரைக் கேட்டு எழுத்துக்கூட்டியும் கேளுங்கள், ஒரே பேரை நம் ஊரில் நாலு விதமாக எழுதுவார்கள். தோளில் கை போடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள், அதே மாதிரி உங்கள் தோளில் யாரும் கை போடக் கூடாது என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஒரு போஸை வைத்துக்கொள்ளுங்கள், எல்லாரும் அதையே செய்வார்கள். சின்னப் பிள்ளைகளின் படத்தை உங்கள் பக்கத்தில் போடுவதாக இருந்தால் பெற்றோரிடம் கேட்காமல் போடாதீர்கள்.

உங்களை யாரென்றே தெரியாமல் மகனுக்காக வரிசையில் நிற்கிற அம்மாக்களும் வருவார்கள். "தம்பி, நீங்க என்ன வேலை பார்க்குறீங்க?" என்று கேட்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆட்கள் அவர்கள்தான்.

நேரம் முடியும்போது பூத்காரர் வந்து "இன்னும் அரை மணி நேரம் நில்லுங்க பாஸ், கூட்டம் இருக்கு" என்பார். முதல் நாளே ஒத்துக்கொண்டால் மறுநாள் அதுவே வழக்கம் ஆகிவிடும். "அடுத்த நேரம் 4 மணிக்கு இருக்கே, அப்ப வரச் சொல்லிடுங்க" என்று அடுத்த மணியைக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு தடவையாகப் பிரித்து வைத்ததன் பலன் இங்கேதான் தெரியும்.

படி 6: சட்டையை மாற்றுங்கள்

பூத் சட்டையையும் கழுத்து அட்டையையும் கழற்றிப் பையில் போடுங்கள், சாதாரண டீஷர்ட், ஒரு தொப்பி. இனி நீங்களும் டிக்கெட் வாங்கி வந்த ஆள். அப்படியும் அடையாளம் கண்டு வருவார்கள். டெமோ வரிசையில் நிற்கும்போது வந்தால் தாராளமாகப் பேசுங்கள், எப்படியும் நின்றுகொண்டுதான் இருக்கிறீர்கள், அவருக்கும் பொழுது போகும். ஆனால் வரிசையை விட்டு வெளியே வராதீர்கள். ஆடிக்கொண்டிருக்கும்போது வந்தால் "இந்த ரவுண்டு முடியட்டும்" என்று திரையைப் பார்த்தபடியே சொல்லலாம். கேம் ஆடுகிறவர்களுக்கு அது புரியும், கோபப்பட மாட்டார்கள்.

'கிகாபேஷ்' மாதிரி ஒரே திரையில் நாலு பேர் மோதுகிற கேம் என்றால் இன்னும் சுலபம். காலியாக இருக்கும் கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். போட்டோவைவிட அதைத்தான் அவர் ஊருக்குப் போய்ச் சொல்லுவார், நீங்களும் ஆடியாச்சு. தோற்றால் கொஞ்சம் கிண்டல் பண்ணுவார், தாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம். அந்த மூன்றில் ஒன்றையாவது கேமரா இல்லாமல் செய்யுங்கள். வீடியோ எடுக்க ஆரம்பித்த நிமிஷமே முகம் மாறுகிறது, குரல் ஏறுகிறது, நீங்கள் மறுபடி வேலைக்கு வந்துவிட்டீர்கள். "நல்ல கன்டென்ட் போச்சே" என்று தோன்றும், போகட்டும்.

படி 7: வயிறு, தொண்டை, வழி

கேஎல்சிசியில் 12 முதல் 2 வரை சூரியா மாலின் உணவு வளாகத்தில் இடம் பிடிப்பதே ஒரு போட்டி. காலையில் மாமாக் கடையில் ரொட்டி சானாய் தின்றுவிட்டு வாருங்கள், மதியச் சாப்பாட்டை 11 மணிக்கோ இரண்டரைக்கோ தள்ளுங்கள், முடியாவிட்டால் உதவியாளரைத் தாப்பாவ் (பொட்டலம்) வாங்கி வரச் சொல்லுங்கள். ஹாலில் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசினால் இரண்டாம் நாள் குரல் இருக்காது, ஆளைக் கிட்ட வரச்சொல்லி மெல்லப் பேசுங்கள். கொஞ்சம் மூச்சு விட வெளியே கேஎல்சிசி பூங்கா இருக்கிறது. டிசம்பரில் சாயங்காலம் மழை கொட்டும், குடையை மறக்க வேண்டாம்.

கார் வேண்டாம். கேஎல் சென்ட்ரலிலிருந்து கிளானா ஜெயா தடத்து எல்ஆர்டி நேராகக் கேஎல்சிசியில் இறக்கிவிடும், அங்கிருந்து சூரியா மால் வழியாக நனையாமலே மாநாட்டு மையத்துக்கு நடந்துவிடலாம். புக்கிட் பிந்தாங்கில் தங்கினால் பெவிலியன் மாலிலிருந்து மாநாட்டு மையத்துக்குக் குளிர்சாதன நடைபாலம் இருக்கிறது. எங்கே தங்குகிறீர்கள் என்பதை மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம், இருக்கும் இடத்தின் படத்தை அந்த இடத்தை விட்டுக் கிளம்பிய பிறகு போடுங்கள். யாராவது பின்னாலேயே வருவது மாதிரி தோன்றினால் ரயிலேறாமல் திரும்பிப் போய்ப் பாதுகாவலரிடம் சொல்லுங்கள்.

ராத்திரி "அண்ணே, மாமாக் போலாமா?" என்ற அழைப்பு வரும். பெரியவர்களாக நாலைந்து பேர் சேர்ந்து ஒரு தே தாரிக் என்றால் போகலாம், ஜாலியாகவும் இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் வேண்டாம். எதுவானாலும் எழுந்து கிளம்பும் மணியை உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.

படி 8: திங்கட்கிழமை

வந்தவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு பதிவு, பூத்தில் எடுத்த படங்கள், ஆடிய உள்ளூர் கேமின் பேர் ஒரு வரி. அந்த ஸ்டுடியோக்காரர்களுக்கு அது பெரிய உதவி. சந்திக்க முடியாமல் திரும்பியவர்களுக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள், அடுத்த தடவை வரிசையில் முன்னால் நிற்பவர்கள் அவர்கள்தான். இன்வாய்ஸை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள், பூத்காரருக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்கும்போதே.