வரப்போகிற சின்ன அட்வென்ச்சர் பைக்குக்கு இப்போதே தயாராவது எப்படி: ஒரு கடலூர்க்காரன் கணக்கு

போனில் ஒரு படம் வரும். தாரிலும் மண்ணிலும் ஓடுகிற மாதிரி செய்த உயரமான அட்வென்ச்சர் பைக் ஒன்று, இன்னும் விற்பனைக்கு வராததால் உருவம் தெரியாமல் இருக்க உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, ஹைவே ஓரம் டீக்கடையில் நிற்கிற டெஸ்ட் வண்டி, முன்னால் கொக்கு மூக்கு மாதிரி ஒரு மட்கார்டு, உயரமான ஹேண்டில்பார். அனுப்பிய மச்சான் கீழே "ரெண்டு லட்சத்துக்குள்ள வருதாம்டா" என்று எழுதியிருப்பான். அவ்வளவுதான், அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. அந்த நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வண்டி இன்னும் வரவில்லை, விலை தெரியாது, தேதி தெரியாது. ஆனால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது, அதில் முக்கால்வாசிக்கு அந்த வண்டியே தேவையில்லை.

முதல் வேலை, கையில் இருக்கிற வண்டியை விற்காமல் இருப்பது. சிரிக்காதீர்கள், நான் விற்றிருக்கிறேன். அடுத்த மாதம் வந்துவிடும் என்று எவனோ சொன்னதை நம்பி, ஓடிக்கொண்டிருந்த 150 சிசி வண்டியை நல்ல விலை கிடைத்ததே என்று தள்ளிவிட்டு, அப்புறம் ஐந்து மாதம் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போனேன். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று எல்லா ஸ்டாப்பும் மனப்பாடம். கம்பெனிக்காரர்கள் வண்டியைக் காட்டுவது ஒரு நாள், விலை சொல்வது இன்னொரு நாள், நம்ம ஊர் ஷோரூமில் கொண்டுவந்து நிறுத்துவது அதற்கும் அப்புறம். ஹீரோ கம்பெனியின் சின்ன அட்வென்ச்சர் வண்டி எக்ஸ்பல்ஸ் 210-ஐ 2024 நவம்பரில் இத்தாலியில் மிலான் கண்காட்சியில் காட்டினார்கள், விலை சொன்னது 2025 ஜனவரியில் டெல்லியில். இது வேகமாக நடந்த கதை. மறைத்து ஓட்டும் டெஸ்ட் வண்டியின் படம் வெளியாகி வருடக்கணக்கில் ஷோரூம் பக்கமே வராதவையும் உண்டு.

சரி, இரண்டாவது. ஒரு நோட்டு எடுத்து, இரண்டு வாரம் நீங்கள் ஓட்டுகிற ரோட்டை எழுதுங்கள். மனசில் ஓட்டுகிற ரோடு வேண்டாம், உண்மையில் ஓட்டுகிறது. எத்தனை கிலோமீட்டர், அதில் தார் எவ்வளவு, மண் எவ்வளவு, பின்னால் யாராவது உட்கார்ந்திருந்தார்களா, எந்த இடத்தில் இடுப்பு வலித்தது. நான் எழுதிப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. நாளுக்குப் போக வர 50 கிலோமீட்டர், முழுக்கத் தார். மண் ரோடு என்று பார்த்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேப்பர் மலைப் பக்கம் செம்மண்ணில் அரை மணி நேரம், இன்னொரு நாள் பண்ருட்டி தாண்டி ஒரு முந்திரித் தோப்புக்குள் வழி தவறிப்போனது, அவ்வளவுதான். ஆனால் வேறு ஒரு விஷயம் தெரிந்தது: போகும் வழியில் வேகத்தடை, அதற்கு நடுவில் பைப் புதைக்கத் தோண்டி மண்ணைப் போட்டு அரைகுறையாக மூடிய பள்ளம், மழைக்காலத்தில் பெயர்ந்துபோன ஓரம். எனக்குத் தேவை 120-இல் பறக்கிற இஞ்சின் இல்லை, நல்ல சஸ்பென்ஷன்தான் என்று அந்த நோட்டு சொன்னது. வாராவாரம் ஈசிஆரில் மரக்காணம் வழியாகச் சென்னை போகிறவர் எழுதினால் கணக்கு மாறும், அவருக்கு 250, 300 சிசிக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

சிசியைச் சொன்னதும் வரிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை உள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு மேலே போனால் 40. அதனால் ‘விலை குறைவான அட்வென்ச்சர்’ என்று யார் சொன்னாலும் 350-க்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்த மாதமே வந்த டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 299 சிசி, எக்ஸ்-ஷோரூம் விலை (சாலை வரி, இன்சூரன்ஸ் சேர்க்காதது) 1.99 லட்சத்தில் ஆரம்பித்தது. 452 சிசி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் அந்த 350 கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

எக்ஸ்-ஷோரூம் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு லைஃப் டாக்ஸ், அதாவது ஒரே தடவையில் கட்டுகிற சாலை வரி, 12 சதவீதம், இரண்டு லட்சம் என்றால் அங்கேயே கிட்டத்தட்ட 24,000. புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 150-லிருந்து 350 சிசி வரைக்கு 2022-இல் நிர்ணயித்த தொகை 7,365, அதன் மேல் ஜிஎஸ்டி. சொந்த வண்டிக்கான இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம், நம்பர் பிளேட் எல்லாம் சேர்த்தால் உங்கள் ரெண்டு லட்சம் இரண்டே கால் லட்சத்தைத் தாண்டிப் போய்விடும். ஹெல்மெட், கையுறை, பக்கவாட்டுக் கம்பி இதற்கு மேல். ஷோரூம்காரர் தரும் தாளில் ‘ஹேண்ட்லிங்’ என்று ஒரு வரி இருந்தால் இது என்ன என்று கேளுங்கள், கேட்டாலே பாதி இடங்களில் காணாமல் போகும்.

இங்கே நம்ம ஊர்க்காரர்களுக்கு மட்டும் வருகிற ஒரு ஆசை உண்டு. 25 கிலோமீட்டரில் புதுச்சேரி, அங்கே வரி குறைவு, ஒரு சிநேகிதன் முதலியார்பேட்டையில் இருக்கிறான், அவன் முகவரியில் புதுச்சேரி நம்பரான பிஒய் 01 போட்டுவிடலாமே என்று. நானும் யோசித்தவன்தான். ஆனால் வேறு மாநிலப் பதிவு வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம், அப்போது இங்கே உள்ள வரியையும் கட்டத்தான் வேண்டும். பொய் முகவரி என்று தெரிந்தால் விபத்து நடந்த நாளில் இன்சூரன்ஸ்காரரிடம் பதில் சொல்லி மாளாது. உண்மையிலேயே புதுச்சேரியில் குடியிருந்தால் தாராளமாகப் போடுங்கள், கடலூர் நம்பரான டிஎன் 31-க்காரர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடலாம்.

இப்போது கால். சுவரில் முதுகு ஒட்டி நின்று, வண்டி ஓட்டும்போது போடுகிற அதே ஷூவைப் போட்டுக்கொண்டு, ஒரு கெட்டி அட்டை நோட்டைக் கால்களுக்கு நடுவில் சீட் மாதிரி மேலே அழுத்தி வைத்து, அதன் மேல் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுத் தரையிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். வீட்டில் எனக்கு அளந்தது அம்மா, "இதுக்கெல்லாம் பேன்ட் தைக்கிறவர்ட்ட போ" என்று திட்டிக்கொண்டே. எனக்கு 78 சென்டிமீட்டர் வந்தது. எக்ஸ்பல்ஸ் 200-இன் சீட் உயரம் 823 மில்லிமீட்டர், 210-க்கு 830, சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸுக்கு 835. பேப்பரில் பார்த்தால் எதுவும் எனக்கு ஆகாது. ஆனால் உட்கார்ந்தால் ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கும், சீட்டின் முன்பக்கம் ஒல்லியாக இருந்தால் கால் நேராக இறங்கும், அதனால் ஒரே உயரம் உள்ள இரண்டு வண்டி இரண்டு விதமாக இருக்கும். இப்போதே கிடைக்கிற வண்டிகளில் போய் உட்கார்ந்து பாருங்கள், வாங்கப் போவதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லலாம். இரண்டு கால் விரலும் ஊன்றினால் போதுமா என்று கேட்டால், சமதளத்தில் போதும். சிக்னலில் இடது பக்கம் ரோடு சரிந்திருந்து, பின்னால் மனைவியும் ஒரு மூட்டை அரிசியும் இருந்தால் போதாது.

உயரத்தைவிட எடைதான் ஆளைக் கொல்லும், இதை எனக்குப் புரியவைத்தது திருப்பாதிரிப்புலியூரில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். பெரிய அட்வென்ச்சர் வண்டி ஒன்றின் படத்தைக் காட்டி ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தேன். ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"எல்லாம் சரி தம்பி, கீழ போட்டா யாரு தூக்குவா?"

"நான்தான்."

"வா, அப்ப இத தூக்கு." சர்வீஸுக்கு வந்திருந்த ஒரு 190 சொச்சம் கிலோ வண்டியை, அடியில் பழைய டயரைப் போட்டு மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்தார். மூன்று தடவை முயன்றேன், மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

பிறகு அவரே சொல்லிக்கொடுத்தார். வண்டி கிடக்கும்போது கியர் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உருளும். வலது பக்கம் விழுந்திருந்தால் முதலில் ஸ்டாண்டை இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் சாயும். ஹேண்டிலைத் தரைப் பக்கமாக முழுக்கத் திருப்பி, வண்டிக்கு முதுகு காட்டி, சீட்டின் விளிம்பில் உட்காருகிற மாதிரி குந்தி, ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின் கம்பியில் வைத்து, இடுப்பை வளைக்காமல் கால் பலத்தால் பின்னாலேயே சின்னச் சின்ன அடியாக நடக்க வேண்டும். நான்காவது தடவை எழுந்தது. தார் ரோட்டில் இது, பொட்டல் மணலில் கால் வழுக்கும். தனியாகச் சுற்றுகிறவர் எக்ஸ்பல்ஸ் மாதிரி 160, 170 கிலோவில் நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கட்சி.

சக்கரத்துக்கு வருவோம். ‘அட்வென்ச்சர்’ என்று பெயர் வைத்து வருவதெல்லாம் அட்வென்ச்சர் ஆகாது. முன் சக்கரம் எத்தனை இஞ்ச் என்று பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். 21 என்றால் பள்ளம், கல், வரப்பு எல்லாவற்றின் மேலும் உருண்டு போகும், ஆனால் தார் வளைவில் கொஞ்சம் சோம்பல். 19 நடுவாந்திரம், நம்ம ஊர் ரோட்டுக்கு இதுவே தாராளம். 17 என்றால் அது உயரமான ஹேண்டில் வைத்த சாதாரண வண்டி, 2021-இல் வந்த ஹோண்டா சிபி200எக்ஸ் அப்படித்தான், தவறில்லை, தெரிந்து வாங்கினால் சரி. அதேபோல் வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்கிற கிரவுண்ட் கிளியரன்ஸை மட்டும் பார்க்காமல், சக்கரம் எவ்வளவு தூரம் மேலும் கீழும் போய் வருகிறது என்கிற சஸ்பென்ஷன் அளவையும் பாருங்கள். எக்ஸ்பல்ஸ் 200-க்கு முன்னால் 190 மில்லிமீட்டர், பின்னால் 170. புது வண்டி அதற்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று ஒப்பிட அது நல்ல அளவுகோல்.

ஸ்போக் (கம்பி) சக்கரம் என்றால் பெரும்பாலும் டியூப், அலாய் (வார்ப்பு) சக்கரம் என்றால் டியூப்லெஸ். டியூப்லெஸ் பஞ்சரானால் மெதுவாக இறங்கும், ஓட்டிக்கொண்டே கடை வரை வந்துவிடலாம். டியூப் சட்டென்று உட்கார்ந்துவிடும். ஆனால் எந்தக் கிராமத்துப் பஞ்சர் கடையிலும் டியூபுக்கு ஒட்டுப் போடுவார்கள், அலாய் சக்கரம் கல்லில் அடித்து விளிம்பு நெளிந்தால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. இதில் கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி உப்புக் காற்று. தேவனாம்பட்டினத்தில் வண்டியை நிறுத்தி ஒரு சாயங்காலம் பேசிவிட்டு வந்தால் ஸ்போக்கின் அடியில், கம்பியை முறுக்குகிற அந்தச் சின்ன நிப்பிள் இருக்கும் இடத்தில், மெல்லிசாகத் துரு ஆரம்பிக்கும். வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடுகிற பழக்கம் இப்போதே பழைய வண்டியில் வந்துவிட்டதா பாருங்கள். வரவில்லை என்றால் அலாய் வாங்குங்கள்.

காத்திருக்கும் நாளில் பழகவும் செய்யலாம். ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, டேங்கைத் தொடையால் பிடித்துக்கொண்டு மெதுவாகச் செம்மண் ரோட்டில் ஓட்டிப் பாருங்கள், அதற்கு 150 சிசி வண்டியே போதும். மணல் வந்தால் முன் பிரேக்கைத் தொடாமல், ஆக்ஸிலேட்டரை மூடாமல், பார்வையைத் தூரத்தில் வைக்க வேண்டும். கடற்கரை மணலில் மட்டும் வேண்டாம், ஜனவரியிலிருந்து மார்ச் வரை நம்ம கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வரும் இடம் அது.

மழையும் கணக்கில் இருக்கட்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரி ஒரே நாளில் மிதந்தது, அடுத்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரை மூழ்கடித்தது. வண்டி ஷோரூமுக்கு வந்ததும் சீட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லி, ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த வாய் மூழ்காத வரைக்கும்தான் தண்ணீரில் போகலாம். தண்ணீரில் இஞ்சின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் பட்டனை அமுக்காதீர்கள், தள்ளிக்கொண்டு வாருங்கள்.

புக்கிங்கில் நான் ஒரு தடவை சூடுபட்டவன். வேறு ஒரு வண்டிக்கு, ஒரு ஷோரூமில், வாயால் சொன்னதை நம்பி ஐயாயிரம் கட்டினேன். டெலிவரி தள்ளிக்கொண்டே போனதால் வேண்டாம் என்றேன், பணம் திரும்ப வர மூன்று மாதம், அதற்குள் நான் அங்கே போன பெட்ரோலுக்கே ஆயிரம் ஆகியிருக்கும். ரத்து செய்தால் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். டெஸ்ட் ரைடு தராமல் புக்கிங் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். முடிந்தால் முதல் லாட்டை விட்டு மூன்று, நான்கு மாதம் பொறுங்கள், அதற்குள் என்ன கோளாறு என்று ஊரே சொல்லிவிடும். அந்த இடைவெளியில் அதே கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போய் கிளட்ச் லீவர், இண்டிகேட்டர், பிரேக் பெடல் மூன்றும் கையிருப்பில் வைப்பார்களா, ஆர்டர் போட்டால் எத்தனை நாள் என்று கேட்டு வையுங்கள். கீழே போட்டால் முதலில் உடைவது இவைதான்.

கடைசியாக டெலிவரி நாள். மாலை போட்டு எலுமிச்சம்பழம் வைப்பதற்கு முன்னால், வண்டியை சென்டர் ஸ்டாண்டிலோ, சக்கரத்தைத் தூக்கி நிறுத்துகிற பேடாக் ஸ்டாண்டிலோ ஏற்றச் சொல்லி, சாவியால் ஒவ்வொரு ஸ்போக்கையும் லேசாகத் தட்டுங்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ‘டிங்’ என்று கேட்க வேண்டும். ஒன்று மட்டும் ‘டப்’ என்று மந்தமாகக் கேட்டால் அது தளர்ந்திருக்கிறது, அங்கேயே முறுக்கச் சொல்லுங்கள். ஷோரூம் பையன் வினோதமாகத்தான் பார்ப்பான், பார்த்துக்கொண்டே இருக்கட்டும். முதல் சர்வீஸுக்கு விடும்போது மறுபடி ஒரு சுற்று தட்டுங்கள், ஏனென்றால் புது ஸ்போக் ஓடி ஓடித்தான் உட்காரும்.