பூர்வீகம் தேடப் போகிறீர்களா? உங்களிடமிருந்து ஆரம்பியுங்கள்

குடும்ப வரலாறு தேடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழே வரத்தான் பார்க்கிறார்கள். "நம் முன்னோர் ஒருவர் பெரிய படைத்தளபதி" என்று வீட்டில் ஒரு பேச்சு இருக்கும். உடனே அந்தத் தளபதியைப் பிடித்து, அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று இறங்கி எப்படியாவது தன் பெயரில் கொண்டுவந்து முடிக்கப் பார்ப்பார்கள். அப்படித் தேடினால் ஏதாவது ஒன்று கிடைத்தும் விடும், அதுதான் சிக்கலே: பெயர் ஒத்துப்போகும், காலமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும், ஆனால் ஆள் வேறு. தெரிந்தவரிடமிருந்து தெரியாதவரை நோக்கி, ஒரு தலைமுறைக்கு ஒரு படி, ஒவ்வொரு படிக்கும் ஒரு ஆதாரம். இந்த வரிசையை மாற்றாமல் போனால் போதும், மெதுவாக இருந்தாலும் சரியான ஆட்களிடம்தான் போய்ச் சேருவீர்கள்.

எவ்வளவு தூரம் போக முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. பெற்றோர் 2, தாத்தா பாட்டிகள் 4, அதற்கு மேல் 8. பத்தாவது தலைமுறையில் மட்டும் 1,024 இடங்கள். இருபதாவதில் பத்து லட்சத்தைத் தாண்டும், முப்பதாவதில் நூறு கோடிக்கும் மேல். அந்தக் காலத்தில் உலகத்திலேயே அவ்வளவு பேர் கிடையாது. அதாவது ஒரே ஆள் உங்கள் மரத்தில் பல இடங்களில் வருகிறார் என்று அர்த்தம். எல்லாரையும் கண்டுபிடிக்கும் ஆசையை இப்போதே விட்டுவிட்டு, முதலில் நான்கு தலைமுறையை ஆதாரத்தோடு முடிக்கப் பாருங்கள்.

படி 1: தெரிந்ததை எழுதுங்கள், எண் போடுங்கள்

ஒரு நோட்டோ ஸ்ப்ரெட்ஷீட்டோ போதும். உங்களுக்கு எண் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணை இரட்டிப்பாக்கினாலும் அவருடைய அப்பா வருவார், அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. எண் 13 என்றால் உங்கள் அம்மாவின் அப்பாவின் அம்மா என்று யோசிக்காமலே சொல்லிவிடலாம். மைக்கேல் ஐட்சிங்கர் என்ற ஆஸ்திரியர் 1590இலேயே பயன்படுத்திய முறை இது. இன்றுவரை இதைவிட எளிமையாக ஒன்று வரவில்லை என்பது என் எண்ணம்.

எழுதும்போது சில பழக்கங்களை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் தாய்வழி முழுக்கப் பின்னால் குழம்பும். மாதத்தை எழுத்தில் போடுங்கள், ஏனென்றால் 03/04 என்பதை ஒரு நாட்டுக்காரர் ஏப்ரல் என்று படிப்பார், இன்னொரு நாட்டுக்காரர் மார்ச் என்று படிப்பார். ஊர்ப் பெயரை அந்தக் காலத்தில் எப்படி அழைத்தார்களோ அப்படி எழுதி, பக்கத்தில் இன்றைய பெயரையும் குறியுங்கள். தெரியாததைக் காலியாக விடுங்கள். ஊகத்தை எழுதினால் ஆறு மாதம் கழித்து அது ஊகம் என்பதே மறந்துபோகும்.

படி 2: பெரியவர்களிடம் பேசுங்கள், இந்த வாரமே

ஆவணம் காத்திருக்கும், மனிதர்களின் நினைவு காத்திருக்காது. வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ அவரிடம் முதலில் போங்கள். அனுமதி கேட்டுவிட்டுப் பேச்சை ஃபோனில் பதிவு செய்யுங்கள்.

"உங்கள் பாட்டி எந்த வருஷம் பிறந்தார்?" என்று கேட்டால் பதில் வராது. "உங்கள் கல்யாணத்துக்குப் பாட்டி வந்திருந்தாரா? அப்போது நடக்க முடிந்ததா? அந்த வீட்டில் வேறு யாரெல்லாம் இருந்தார்கள்?" என்று கேளுங்கள், வந்துகொண்டே இருக்கும். வருடம் நினைவில் நிற்காது, யாருக்குப் பின் யார் என்பது நிற்கும். பழைய ஃபோட்டோக்களை எடுத்துப் போங்கள், நடுவில் நிற்பவரைவிட ஓரத்தில் நிற்பவர் யார் என்று கேட்பது பல நேரம் அதிகப் பலன் தரும். ஒரே கேள்வியை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள், ஒருவர் இருக்கும்போது இன்னொருவரைத் திருத்தவும் விடாதீர்கள். தத்து, இரண்டாவது திருமணம், வீட்டை விட்டுப் போனவர் போன்ற விஷயங்கள் வரும்போது அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நோண்டாதீர்கள். மறுபடி பேச வேண்டியிருக்கும் இல்லையா?

படி 3: காகிதம் தேடுங்கள், ஆனால் காகிதத்தைச் சந்தேகப்படுங்கள்

வீட்டில் இருப்பவை முதலில்: சான்றிதழ்கள், கடிதங்கள், பாஸ்போர்ட், நிலப் பத்திரம், பள்ளிக்கூடப் பதிவு, ஃபோட்டோவின் பின்பக்கம். அப்புறம் வெளியே: பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கப்பல் பயணிகள் பட்டியல், ராணுவப் பதிவு, உயில், கல்லறை, வழிபாட்டிடங்களின் பதிவேடு.

ஒவ்வொரு காகிதத்தையும் பார்த்து இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தத் தகவலை யார் சொன்னார்? அவருக்கு அது எப்படித் தெரியும்? ஓர் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்த தேதியும் இடமும் நம்பலாம், ஏனென்றால் அது நடந்த சமயத்தில் எழுதியது. ஆனால் அதே தாளில் இருக்கும் பிறந்த வருடமும் பெற்றோர் பெயரும் எங்கிருந்து வந்தன? துக்கத்தில் இருந்த மகனோ மருமகளோ சொல்லியிருப்பார், எண்பது வருடத்துக்கு முன் நடந்ததை அவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. ஒரே தாளில் ஒரு வரி வலுவானது, அடுத்த வரி வெறும் கேள்வி ஞானம். இது புரிந்துவிட்டால் இரண்டு ஆவணங்கள் மோதும்போது எதை நம்புவது என்று நீங்களே முடிவு செய்வீர்கள். கணக்கெடுப்பில் பத்து வருடத்துக்கு ஏழு வயது மட்டும் கூடிய பெண்மணிகளும், வேலைக்காக வயதைக் கூட்டிச் சொன்ன பையன்களும் நிறையவே உண்டு.

படி 4: எங்கே தேடுவது

இலவசமாக ஆரம்பிக்க ஃபேமிலிசர்ச் என்ற இணையதளம். மார்மன் சபை என்று பலரும் சொல்லும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை நடத்துவது, யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கலாம். 1938இல் பதிவேடுகளை மைக்ரோஃபிலிம் என்ற சிறு படச்சுருளில் எடுக்க ஆரம்பித்தவர்கள், சேர்த்து வைத்திருந்த சுமார் 24 லட்சம் சுருள்களை ஸ்கேன் செய்யும் வேலையை 2021இல் முடித்தார்கள். புதியவர்கள் கோட்டை விடும் இடம் எது என்றால், தேடல் பெட்டியில் பெயரைப் போட்டு ஒன்றும் வரவில்லை என்றதும் பதிவே இல்லை என்று நினைத்துவிடுவது. பல பதிவேடுகள் படமாக மட்டுமே இருக்கின்றன, பெயர் அட்டவணை கிடையாது. ஊரையும் வருடத்தையும் தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை.

பெயரின் எழுத்துக்கூட்டலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார், அவ்வளவுதான். பத்து விதமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

எந்த நாட்டுப் பதிவு எந்த வருடம் வரை திறந்திருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கக் கணக்கெடுப்பு 72 வருடம் கழித்துத்தான் வெளியாகும், 1950ஆம் ஆண்டினுடையது 2022 ஏப்ரலில் வந்தது. இங்கிலாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது, அங்கே 1931 கணக்கெடுப்பு 1942இல் தீயில் போய்விட்டது. அயர்லாந்தில் 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகள் பெரும்பாலும் அழிந்தன, 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுதாகத் தப்பி இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இல்லாததைத் தேடி மாதக்கணக்கில் அலைவதைவிட இதைப் படிக்க ஒரு மணி நேரம் செலவழிப்பது மேல்.

கடல் தாண்டிப் போனவர்களுக்குக் கப்பல் பட்டியல்தான் உயிர். "எல்லிஸ் தீவில் அதிகாரி எங்கள் பெயரை மாற்றிவிட்டார்" என்று அமெரிக்கக் குடும்பங்களில் ஒரு கதை ஓடும் (நியூயார்க் அருகே குடியேற வந்தவர்களைச் சோதித்த இடம் அது). நடந்தது அப்படி அல்ல, பட்டியல் கப்பல் கிளம்பிய துறைமுகத்திலேயே எழுதப்பட்டது, தீவில் அதை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் பின்னால் தாங்களாகவே மாற்றிக்கொண்டார்கள். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு (இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள பகுதி) ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு, அது கையில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மொரிஷியஸ் போனவர்களின் பதிவேடுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்தவர்களின் வழிவந்தவர்களுக்கு நிலைமை இன்னும் கொடுமை: 1850, 1860 கணக்கெடுப்புகளில் பெரும்பாலும் வயது, பாலினம், நிறம் மட்டும், பெயருக்குப் பதில் முதலாளியின் பெயர். 1870இல்தான் பெரும்பாலோர் சொந்தப் பெயரில் தெரிகிறார்கள்.

படி 5: முட்டி நிற்கும்போது பக்கவாட்டில் போங்கள்

நேர் முன்னோரின் பதிவு கிடைக்கவில்லையா? அவருடைய தம்பி, அக்கா, மைத்துனர் இவர்களின் பதிவைத் தேடுங்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் திருமணப் பதிவில் விட்டுப்போன ஊர்ப் பெயர் அவர் தங்கையின் பதிவில் இருக்கலாம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கவனியுங்கள், சொந்தக்காரர்கள் சேர்ந்தேதான் இடம்பெயர்வார்கள்.

இணையத்தில் மற்றவர்கள் போட்டிருக்கும் மரங்களைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் ஒரே தகவலைப் போட்டிருந்தால் அது இருபது ஆதாரம் ஆகாது, பத்தொன்பது பேர் முதல் ஆளைப் பார்த்து எழுதியிருப்பார்கள்.

படி 6: டிஎன்ஏ சோதனை

காகித வேலையைக் கொஞ்சமாவது முடித்துவிட்டு இதற்கு வாருங்கள் என்பேன், மரம் இல்லாமல் டிஎன்ஏ முடிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே தெரியாது.

மூன்று வகை. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அம்மாவிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். இவை இரண்டும் பல ஆயிரம் வருடம் பின்னால் காட்டும், ஆனால் பத்தாவது தலைமுறையின் அந்த 1,024 இடங்களில் ஆளுக்கு ஒரே ஓர் இடத்தைப் பற்றித்தான் பேசும். புதியவர்களுக்கு ஏற்றது மூன்றாவதான ஆட்டோசோமல் சோதனை (பாலினத்தைத் தீர்மானிக்காத மற்றக் குரோமோசோம்களைப் பார்ப்பது), அது எல்லாக் கிளைகளையும் தொடும், ஐந்தாறு தலைமுறைக்குள் நன்றாக வேலை செய்யும்.

முடிவு வந்ததும் எல்லாரும் முதலில் பார்ப்பது இன விழுக்காட்டு வரைபடத்தைத்தான். அதைக் கடைசியாகப் பாருங்கள். நிறுவனம் தன்னிடம் இருக்கும் மாதிரிக் குழுக்களோடு, அதாவது ஒரு பகுதியில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் என்று தெரிந்த இன்றைய மனிதர்களோடு, உங்கள் டிஎன்ஏ துண்டுகளை ஒப்பிட்டு மதிப்பிடுகிறது. குழுவை மாற்றினால் எண்ணும் மாறும். அதனால்தான் இரண்டு நிறுவனம் இரண்டு பதில் சொல்கிறது, கூடப் பிறந்தவர்களுக்கே வேறு வேறு எண் வருகிறது. ஒன்றிரண்டு விழுக்காட்டை வைத்துப் புதிய பூர்வீகம் கொண்டாடாதீர்கள், அது வெறும் இரைச்சலாக இருக்கலாம். எந்த மொழி பேசினார்கள், எந்தக் கடவுளைக் கும்பிட்டார்கள் என்பதையும் அது சொல்லாது.

உண்மையான புதையல் உறவினர் பட்டியல். பகிர்ந்துகொள்ளும் டிஎன்ஏவைச் சென்டிமார்கன் என்ற அளவில் சொல்வார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே சுமார் 3,400 அல்லது கொஞ்சம் மேலே. ஒரே தாத்தா பாட்டி உள்ள ஒன்றுவிட்ட சகோதரர்களுக்குச் சராசரி 870 அளவில், இரண்டுவிட்டவர்களுக்கு 230 அளவில். மூன்றுவிட்டவர்களில் பத்தில் ஒருவரோடு உங்களுக்குப் பொதுவான துண்டே இல்லாமல் போகலாம், அதனால் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக உறவை மறுத்துவிட முடியாது. தலைமுறைகளாக உறவுக்குள்ளேயே மணமுடித்த சமூகங்களில் இந்த எண்கள் ஊதிப்போய், தூரத்துச் சொந்தம் நெருங்கிய சொந்தம்போலத் தெரியும், அதைக் கழித்துப் பாருங்கள்.

சோதனைக்கு எச்சில் அனுப்புவதற்கு முன் யோசிக்க வேண்டியதும் இருக்கிறது. அப்பா என்று நினைத்தவர் அப்பா இல்லை என்று தெரிய வரலாம், அந்தச் செய்தி உங்களோடு நிற்காது, குடும்பத்தையே தொடும். 2023இல் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்தில் சுமார் 69 லட்சம் பேரின் தகவல்கள் கசிந்தன, 2025 மார்ச்சில் அது திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. பிரான்ஸில் இப்படிப் பூர்வீகம் பார்க்கும் சோதனைக்குச் சட்டப்படி அனுமதியே இல்லை. அடுத்தவர் மாதிரியை அவர் சம்மதம் இல்லாமல் அனுப்பவே கூடாது.

படி 7: சேமித்து வையுங்கள்

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் எங்கே கிடைத்தது, என்று பார்த்தீர்கள் என்று ஒரு வரி. தேடிக் கிடைக்காததையும் எழுதுங்கள், இல்லையென்றால் அதே பதிவேட்டை மறுபடியும் புரட்டுவீர்கள். எந்த மென்பொருளைப் பயன்படுத்தினாலும் மாதம் ஒருமுறை ஜெட்காம் கோப்பாக இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள், 1984இல் வந்த வடிவம் அது, கிட்டத்தட்ட எல்லா வம்சாவளி மென்பொருளும் அதைத் திறக்கும். இணையத்தில் மரத்தைப் போடுவதாக இருந்தால் உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் பிறந்த தேதியையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.