டிஸ்கஸ் மீனை வீட்டுத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைக்கும் முறை

அமேசான் படுகையின் உப்புக் குறைந்த மென்னீரில் வாழும் டிஸ்கஸ், திருப்பூர், ஈரோடு பகுதிகளின் உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரில் முட்டையிட்டாலும், முட்டைகள் பெரும்பாலும் பொரிவதில்லை. ஆகவே ஆர்.ஓ. கருவியில் வடிகட்டிய நீரைக் கலந்து, கரைந்த உப்புகளைக் காட்டும் டி.டி.எஸ். அளவை 100 பி.பி.எம்.க்கு அருகிலும், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 6 முதல் 6.5 வரையிலும் நிறுத்த வேண்டும். மென்னீரான சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளில் இந்த வேலையில் பாதி மிச்சம். ஆனால் குளோரின் நீங்கக் காற்றேற்றி வைக்க மறக்கக் கூடாது.

ஆண், பெண் வேறுபாடு பார்வைக்கு எளிதில் புலப்படாது என்பதால், ஆறேழு இளம் மீன்களை ஒன்றாக வளர்த்து, தாமாகச் சேரும் இணையை மணலற்ற தனித்தொட்டிக்கு மாற்றி, முட்டையிட ஒரு மண்கூம்பை வைக்கவும். வெப்பம் 29 டிகிரியில் இருக்கட்டும். மார்கழி இரவுகளில் ஹீட்டர் இன்றி இது நடவாது.

முட்டைகள் ஏறக்குறைய 60 மணி நேரத்தில் பொரியும். முதல் சில முறை இட்ட முட்டைகளைப் பெற்றோரே தின்றுவிடுவது வழக்கம். அதற்காக இணையைப் பிரிப்பது அவசரப் புத்தி. இரண்டு மூன்று நாளில் நீந்தத் தொடங்கும் குஞ்சுகள், கருமை படர்ந்த பெற்றோரின் விலாவில் ஒட்டிக்கொண்டு, தோலில் சுரக்கும் சளியைக் கொத்தித் தின்னும். சலித்த தாய் சட்டென உடலைச் சிலிர்த்து, கூட்டத்தைத் தந்தையிடம் தள்ளிவிடும். அந்த நாள்களில் குஞ்சுகளைப் பிரிக்கவே கூடாது. நீந்தத் தொடங்கிய ஏறத்தாழ ஐந்தாம் நாளிலிருந்து, அப்போதுதான் முட்டையிலிருந்து வெளிவந்த ஆர்டீமியா என்னும் நுண்ணிய உப்புநீர் உயிரியைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கலாம்.