உளவியல் பள்ளிகளை உருப்போடாமல் படிப்பது எப்படி?

கோலாலம்பூரில் உளவியல் படிக்கச் சேரும் நம் பிள்ளைகள் முதல் செமஸ்டரிலேயே திணறுவது உளவியல் பள்ளிகளின், அதாவது சிந்தனை மரபுகளின், வரலாற்றுப் பாடத்தில்தான். ஆண்டு, பெயர், கொள்கை என்று கட்டம் போட்டு எழுதி, தேர்வுக்கு முந்தின ராத்திரி உருப்போட்டு, மறுநாள் டிட்செனர் சொன்னதை வாட்சன் தலையில் கட்டிவிட்டு வருவார்கள். அந்தக் கட்டத்தை ஓரமாக வையுங்கள். இந்தப் பாடமே ஒரு நீண்ட சண்டை, யார் யாரோடு எதற்காக மோதினார்கள் என்று பிடித்துக்கொண்டால் ஆண்டுகள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

தொடக்கத்துக்கு 1879 போதும். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வுண்ட் உளவியலுக்கென்று ஆய்வுக்கூடம் தொடங்கிய ஆண்டு. (அதற்கு முன்பே, 1860-இல், தூண்டல் எவ்வளவு கூடினால் மனிதருக்கு வித்தியாசம் தெரியும் என்று கணக்குப் போட்டு ஃபெக்னர் புத்தகமே எழுதிவிட்டார், பாவம், அவர் பெயர் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.) பல குறிப்புகளில் வுண்டையும் அவர் மாணவர் டிட்செனரையும் ஒரே கூடையில் போட்டிருப்பார்கள், அதை நம்பாதீர்கள். மொழி, வழக்கம், தொன்மம் எல்லாம் ஆய்வுக்கூடத்தில் அகப்படாது என்று அதற்காகவே பத்துத் தொகுதிகள் எழுதியவர் வுண்ட். அனுபவத்தை அதன் அடிப்படைக் கூறுகளாகப் பிரித்தால் போதும் என்ற அமைப்பியலை 1892-இல் அமெரிக்காவின் கார்னெல்லுக்குப் போன டிட்செனர்தான் வளர்த்தார்.

சரி, இப்போது பக்கத்து மாமாக் கடைக்கு (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) போய் ஒரு தே தாரேக் (நுரை வர ஆற்றிய பால் தேநீர்) சொல்லுங்கள். டிட்செனரிடம் பயிற்சி பெற்றவர் அந்தக் கிளாஸைப் பார்த்து "தே" என்று சொல்லக் கூடாது, சொன்னால் தவறு. பழுப்பு நிறம், சூடு, இனிப்பு, உதட்டில் நுரையின் மென்மை என்று உணர்வுகளை மட்டும்தான் சொல்ல வேண்டும். நீங்களும் இரண்டு நிமிடம் முயன்று பாருங்கள், தன் அனுபவத்தைத் தானே கவனித்துச் சொல்லும் இந்த அகநோக்கு எவ்வளவு கஷ்டம் என்று புரியும். பக்கத்தில் நண்பர் இருந்தால் இன்னும் நல்லது, இருவர் சொல்வதும் ஒத்துப்போகாது. உண்மையில் நடந்ததும் இதுதான். மனப்படிமமே (மனக்கண்ணில் தெரியும் படம்) இல்லாமல் எண்ணம் வரும் என்றது ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் குல்பேயின் குழு, வராது என்றார் டிட்செனர். யார் சொல்வது சரி என்று வெளியிலிருந்து பார்க்க வழியே இல்லை.

இந்த முட்டுச்சந்தைப் பிடித்துக்கொண்டால் 1913-இல் வாட்சனுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று விளங்கும். உள்ளே நடப்பதை விடு, கண்ணுக்குத் தெரியும் நடத்தையை மட்டும் அளந்து காட்டு என்றார், அதுதான் நடத்தையியல். தே ஆற்றும் சத்தம் கேட்டதும் உங்கள் நாக்கில் எச்சில் ஊறுகிறதே, அங்கே, நாய்களுக்கு இப்படி எச்சில் ஊறுவதை ஆராய்ந்த பாவ்லோவ் உட்கார்ந்திருக்கிறார். பாவ்லோவுக்கு 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்காக, உளவியலுக்காக இல்லை. இதைக் கேள்வியில் கேட்டு மடக்குவார்கள்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸின் வழி வேறு. டார்வின் தாக்கத்தில் வந்தவர், மனம் எதனால் ஆனது என்பதைவிட வாழ்வதற்கு அது எப்படி உதவுகிறது என்று கேட்டார். 1890-இல் வந்த அவருடைய The Principles of Psychology நூலில் பழக்கம் பற்றிய அத்தியாயத்தையாவது படித்துவிடுங்கள், மனத்தின் பயனைக் கேட்கும் இந்தச் செயற்பாட்டியலின் வாடை அதிலேயே அடிக்கும்.

முழுமையைப் பார், கூறுகளாகப் பிரிக்காதே என்ற கெஸ்டால்ட் பள்ளி புரியவில்லையா? தீபாவளி சமயத்தில் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போய் ஓடும் விளக்குச் சரத்தைப் பாருங்கள். எந்த விளக்கும் ஓடவில்லை, வரிசையாக எரிந்து அணைகின்றன, ஆனாலும் நமக்கு ஓட்டம் தெரிகிறது. அந்த ஓட்டம் எந்தத் தனி விளக்கில் இருக்கிறது? 1912-இல் வெர்தைமர் இதைத்தான் எழுதினார். கூறுகூறாகப் பிரித்தவர்களுக்கு அது நேரடி அடி.

ஃப்ராய்டை இந்த வரிசையில் நுழைக்கப் பார்க்காதீர்கள். அவர் உளவியல் ஆய்வுக்கூடத்திலிருந்து வரவில்லை, நோயாளிகளைப் பார்த்த அறையிலிருந்து வந்தவர், அதனால் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஃப்ராய்டும் வேண்டாம், நடத்தையியலும் போதாது என்று கிளம்பிய மனிதநேய உளவியலார் மாஸ்லோ, ரோஜர்ஸ் இருவரையும் அதே தாளின் கீழே போடலாம். கடைசியாக, சிந்தனை, நினைவு போன்ற மனச் செயல்களை ஆராயும் அறிகை உளவியல்: மொழிக் கற்றலுக்கு நடத்தையியலார் ஸ்கின்னர் தந்த விளக்கத்தை 1959-இல் மொழியியலாளர் சோம்ஸ்கி பிரித்து மேய்ந்தார், நடத்தையியலார் பூட்டி வைத்த மனம் அப்புறம் மறுபடி பாடத்துக்குள் வந்தது.

எல்லாம் படித்தபின், அதே தே கிளாஸைப் பற்றி ஒவ்வொரு பள்ளியும் என்ன கேட்கும் என்று பெயர் போடாமல் ஒரு வரி எழுதி நண்பரிடம் கொடுங்கள். எந்த வரியில் அவர் ஆளைத் தப்பாகச் சொல்கிறாரோ, அந்தப் பள்ளியை மட்டும் திரும்பப் படியுங்கள்.