ஏற்காட்டில் நிறுத்திய கேரவனின் கூரை ஒழுகினால் என்ன செய்வது?

கேரவன் கூரையின் நடுப்பரப்பில் ஓட்டை விழுவது அரிது. வென்ட் (காற்றுப் போக்கி), ஸ்கைலைட் (வெளிச்சம் வரும் கூரை ஜன்னல்), ஏசி, ஓரப்பட்டை ஆகியவை கூரையோடு சேரும் இணைப்புகளில்தான் தண்ணீர் பெரும்பாலும் புகுகிறது. 5 மீட்டர் நீளமுள்ள அலுமினியத் தகடு, 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறக்குறைய 3.5 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். சேலத்துச் சித்திரை வெயிலில் காய்ந்துவிட்டு, அன்றிரவே ஏற்காட்டுக் குளிருக்கு வந்து சேரும் வண்டியில், இறுகிப்போன பழைய சீலன்ட் (இணைப்பில் நீர் புகாமல் அடைக்கும் பசை) இந்த அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் மயிரிழையாக வெடித்துவிடுகிறது.

முதலில், அது ஒழுகல்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மழையே பெய்யாத பனிமூட்ட இரவில், உள்ளே படுத்திருப்பவர்களின் மூச்சுக்காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த ஸ்கைலைட் சட்டத்தில் படிந்து சொட்டுவது உண்டு. அதற்கு ஜன்னலைச் சிறிது திறந்து வைத்தாலே போதும்.

மழையில்தான் சொட்டுகிறது எனில், தண்ணீர் புகும் இடத்தைத் தேட வேண்டும். சொட்டும் இடமும் புகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சட்டத்தின் வழியே நீர் வெகுதூரம் ஓடிவரும். ஒருவர் உள்ளே டார்ச்சுடன் நிற்க, மற்றொருவர் ஏணியில் நின்று, தாழ்வான இணைப்பில் தொடங்கி ஒவ்வொன்றாக மேல்நோக்கி ஹோஸ் குழாயால் மெதுவாக நனைக்கட்டும். பிரஷர் வாஷரைப் பயன்படுத்தாதீர்கள். அது நல்ல இணைப்பிலும் நீரைப் புகுத்திவிடும்.

அடுத்தது உலர்த்துதல். வேலையில் பாதி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஒழுகும் இணைப்பின் திருகைக் கழற்றி, அந்தத் துளையில் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். பிளைவுட் பஞ்சுபோல் அமுங்கினால், அந்தப் பகுதியை வெட்டி எடுத்து மாற்றியே ஆக வேண்டும். ஈரமாக மட்டும் இருந்தால், ஏற்காட்டு மூடுபனியில் காய்ந்துவிடும் என்று காத்திருக்காமல், வண்டியைச் சேலத்துக்கு இறக்கி, உட்பலகையைத் திறந்து வைத்து, வெயிலிலும் மின்விசிறிக் காற்றிலும் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் பூசிய சீலன்ட் பிடிக்காது. பிடித்தாலும் அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்து மரத்தை அழுகச் செய்யும்.

காய்ந்தபின் பழைய சீலன்டை பிளாஸ்டிக் சுரண்டியால் முழுமையாக நீக்குங்கள். குறிப்பாக, யாரேனும் முன்பு சிலிக்கான் பூசியிருந்தால் அதன் எச்சம் சிறிதும் இருக்கக் கூடாது. அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது. தகட்டுக் கூரையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். ரப்பர் கூரையில் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ படவே கூடாது.

பிறகு வென்ட் அல்லது ஸ்கைலைட் சட்டத்தின் அடியில் பியூட்டைல் டேப்பை (பிசின்போல் ஒட்டும் மென்மையான ரப்பர் பட்டை) இடைவெளியின்றிச் சுற்றி ஒட்டி, துருப்பிடித்த திருகுகளுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகளைப் போட்டு, டேப் ஓரத்தில் சற்றே பிதுங்கும்வரை சீராக முடுக்குங்கள். திருகுத் தலைகளின் மேலும் சட்ட விளிம்பிலும் வெயிலைத் தாங்கும் சீலன்டை இடுங்கள். சமதளத்துக்குத் தானே பரவிப் படியும் வகையும், பக்கச்சுவருக்கு வழியாத வகையும் ஏற்றவை. ரப்பர் கூரையாயின் அதற்கெனத் தயாரித்ததையே வாங்குங்கள்.

தென்மேற்குப் பருவமழைக்கு முன் மே மாதத்திலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரிலும் எல்லா இணைப்புகளையும் விரலால் தடவிப் பாருங்கள். காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தினால், சருகு நீர்வழியை அடைக்காதபடி அடிக்கடி கூட்டிவிடுங்கள். வண்டியைச் சற்றே ஒருபுறம் சாய்த்து நிறுத்தினால் கூரையில் நீர் தேங்காது. தார்ப்பாய் போர்த்துவதானால், காற்றில் அடித்துக்கொண்டு சீலன்டை உராயாதபடி இழுத்துக் கட்டுங்கள்.